நாலாவது ரீலில் நான்தான்

1

நேற்றோடு என் அண்ணன் இறந்து ஒரு வருஷம். சென்னையில் அண்ணன் மகன் திவசம் கொடுத்தான். மலேசியாவில், ஈப்போவில், நான் காலையிலேயே குளித்துவிட்டு, வாழையிலையில் சோறும் அவரைக்காய்ப் பொரியலும் அப்பளமும் வைத்துப் பின்வாசலில் நின்றேன். எங்கள் புந்தோங் வட்டாரத்தில் காகத்துக்கு என்றைக்கும் பஞ்சம் கிடையாது. நேற்றைக்குப் பார்த்து ஒரு மைனாதான் வந்தது. அதுவும் சோற்றைச் சீண்டாமல் அப்பளத்தை மட்டும் கவ்விக்கொண்டு போனது. ஊரில் என்றால் இதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருப்பார்கள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அப்பளம் நல்லா பொரிஞ்சிருக்கு போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் இறந்தபோதும் நான் போகவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தும் என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டைதான். இங்கேயே இருந்துகொள்ளலாம், ஆனால் குடிமகள் இல்லை என்று அதற்கு அர்த்தம். குடிமக்களுக்குத் தரும் நீல அட்டைக்கு மூன்று முறை மனுப்போட்டேன். மூன்று முறையும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. கையில் இருந்த இந்தியப் பாஸ்போர்ட்டோ அந்த நேரம் பார்த்துக் காலாவதியாகிக் கிடந்தது. அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனதைப் போனில்தான் பார்த்தேன். படம் அங்கங்கே நின்று நின்று வந்தது. தெருமுனை திரும்பும்போது சுத்தமாக நின்றுவிட்டது.

இப்போது எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி இல்லை. அண்ணன் வயலின் வாசித்த ஒரு படத்தின் இசைத்தட்டைப் பற்றி. படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

2

நான் சினிமா இசைத்தட்டு சேர்க்கிறவள். இப்படிச் சொன்னதும் எதிரில் இருப்பவர் தனக்குப் பிடித்த நாலு பாட்டைப் பாடிக்காட்ட ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பாட்டு வேண்டாம். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில், ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் வருகிறதே, அந்த இசைதான் வேண்டும். கதவைத் திறக்கும்போது ஒன்பது விநாடி வந்துவிட்டு ஓடிப்போகிற புல்லாங்குழல் வேண்டும். கடிதம் படிக்கும்போது அடியில் முனகுகிற செல்லோ வேண்டும். படம் பார்க்கிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. எடுத்துவிட்டால் மட்டும் காட்சி ஏன் இப்படிச் செத்துக்கிடக்கிறது என்று கேட்பார்கள்.

நம் பக்கத்தில் அந்த இசையை யாரும் தட்டில் போட்டதில்லை. ஆறு பாட்டைப் போட்டு அட்டையில் கதாநாயகி படத்தை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. கொஞ்ச வருஷமாகத்தான் அங்கங்கே சில பைத்தியங்கள் பழைய ஒலிநாடாக்களைத் தோண்டி எடுக்கிறார்கள். வசனத்தை நீக்கி, இசையை மட்டும் படத்தில் வந்த வரிசையிலேயே வைத்து, வெட்டிப்போட்டதையும் இரண்டாம் தடவை வாசித்ததையும் கடைசியில் சேர்த்து, கூடவே ஒரு சிறுபுத்தகமும் போட்டு வெளியிடுகிறார்கள். விரிவுபடுத்திய பதிப்பு என்று அட்டையில் இருக்கும்.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது ராஜு. புந்தோங்கில் ரேடியோவும் ஸ்பீக்கரும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயசு, தனிக்கட்டை. என்னைப்போல இன்னொரு கிறுக்கு. பாட்டு மட்டும் கேட்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"அக்கா, சாப்பாட்டுக் கடைக்குப் போயி கறிய மட்டும் கட்டிக்கிட்டு வருவாங்களா? சோறு வேணாமா? இவனுங்க அப்படித்தான் லா" என்பார், இந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' சேர்த்து.

ராஜுவுக்குச் சில விதிகள் உண்டு. தட்டின் விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். உறையில் பேனா படக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியோடு வந்த சிறுபுத்தகம் பெட்டியை விட்டுப் பிரியக்கூடாது. புத்தகம் இல்லாத பதிப்பை அவர் தொடக்கூட மாட்டார். "புக்கு இல்லன்னா அது முண்டம் அக்கா. யாரு வாசிச்சா, எத்தன மணிக்கு வாசிச்சா, எத்தன தடவ தப்புப் பண்ணாங்க, எல்லாம் அதுலதான் இருக்கு" என்பார்.

என்னிடம் அறுபது தட்டுக்கு மேல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் என் மகள் கவிதா, "அம்மா, எல்லாம் போன்லயே இருக்கே, எதுக்கு இந்தக் குப்பை?" என்று கேட்டாள். என் சேகரிப்பு ஒரு பொய்யில் ஆரம்பித்தது. அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

3

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். என்னை வளர்த்தது அண்ணன் சாமிநாதன். வயலினைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய், சினிமாவுக்கு வாசிக்கும் கூட்டத்தில் ஒருவராக இடம் பிடித்துக்கொண்டார். மலேசியாவிலிருந்து வரன் வந்தபோது, மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்.

"வீட்ல பாட்டுக் கேக்க ஏதாச்சும் இருக்கா? இவ அது இல்லாம இருக்கமாட்டா."

"என்ன இப்புடிக் கேட்டுப்புட்டீங்க? ரெக்காட் பிளேயரே இருக்கு" என்றார் சித்தப்பா. அண்ணன் அந்த இடத்திலேயே சரி என்றுவிட்டார்.

ரெக்கார்டு பிளேயர் இருந்தது உண்மைதான். அது ரப்பர்த் தோட்டத்து மேனேஜர் பங்களாவில் இருந்தது. சித்தப்பா அங்கே சமையல்காரர். வீட்டில் இருக்கிறது என்றாரே தவிர, எந்த வீட்டில் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆலையில் ரப்பர்த் தகட்டுக்குப் புகைபோடும் வேலையில் இருந்தார். எங்களுக்கு இருந்தது தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் ஒரு வீடு. இரண்டு அறை, தகரக் கூரை, சாயங்காலம் மூன்று மணி நேரம் மின்சாரம்.

நான் அண்ணனுக்கு எழுதிய முதல் கடிதத்தில், "பாட்டுப்பெட்டி நன்றாக இருக்கிறது, சத்தம் கணீரென்று கேட்கிறது" என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? அவர் கேட்ட ஒரே ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட்டார் என்று தெரிந்தால் மனுஷன் ராத்தூக்கம் இல்லாமல் போய்விடுவார். அண்ணன் சந்தோஷப்பட்டு, ஊருக்கு வந்துபோகிறவர்களிடம் இசைத்தட்டுகளைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். முதலில் மூன்று வந்தன. பிறகு நாலு, இன்னொரு தடவை நாலு. பெட்டி இல்லாத வீட்டில் பதினோரு தட்டுகள் சேர்ந்தன.

ஒவ்வொன்றும் வந்ததும் அண்ணன் கருத்துக் கேட்டு எழுதுவார். நான் அட்டையைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் பதில் எழுதுவேன். ஒருமுறை, "ஏழாவது பாட்டில் வயலின் ரொம்ப அருமை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். கடிதம் போன பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அந்தத் தட்டில் மொத்தமே ஆறு பாட்டு. பதறிப்போய்க் காத்திருந்தேன். அண்ணனின் பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவனிக்கவில்லை என்று நினைத்து நிம்மதியானேன்.

4

அதற்கப்புறம் இசைத்தட்டு வருவது நின்றது. அதற்குப் பதிலாக இப்படி ஒரு கடிதம் வந்தது.

"அலமு, நான் வாசித்த படம் ஒன்று அங்கே வரும். பார். நாலாவது ரீலில், பஸ் ஸ்டாண்டில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். அப்போது ஒரு தனி வயலின் வரும். அது நான்தான்."

எந்த ரீல் என்று சாதாரண ஆளுக்குத் தெரியாது. தோட்டத்து ஆளுக்குத் தெரியும். எங்கள் திடலில் வேட்டி போன்ற திரையைக் கட்டிப் படம் காட்டுபவரிடம் ஒரே ஒரு இயந்திரம்தான் இருந்தது. ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார். அந்த இடைவெளியில் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று கத்தி எண்ணுவார்கள்.

அந்தப் படம் எங்கள் திடலுக்கு வர ஏழெட்டு மாதம் ஆனது. பாயை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு அடியிலேயே போய் உட்கார்ந்தேன். நாலாவது ரீல் ஓடியது. அவள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தாள். வயலின் ஆரம்பித்தது. நாலே நாலு ஸ்வரம் கேட்டிருப்பேன், நகைச்சுவை நடிகர் கடலைக்கூடையோடு உள்ளே நுழைந்து, ஏறக்கூடாத பஸ்ஸில் ஏறியதைப் பற்றி ஏதோ சொன்னார். தோட்டமே உருண்டு புரண்டு சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது காட்சி முடிந்துவிட்டது.

அடுத்த நாள் பக்கத்துத் தோட்டத்தில் அதே படம். இரண்டு மைல் நடந்துபோனேன். அங்கேயும் அதே இடத்தில் அதே சிரிப்பு. அந்த நடிகர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்வது? பிறகு தொலைக்காட்சியில் பார்த்தேன், வீடியோவில் பார்த்தேன், போனிலும் பார்த்தேன். சிரிக்கும் கூட்டம் போய்விட்டது. நடிகர் மட்டும் போகவில்லை. என் அண்ணனின் நாற்பது விநாடியின் மேல் உட்கார்ந்து நாற்பது வருஷமாகக் கடலை விற்றுக்கொண்டிருந்தார்.

அண்ணன் அதற்கப்புறமும் எழுதினார். இந்தப் படத்தில் இரண்டாவது ரீல், அந்தப் படத்தில் கடைசி ரீல், அது நான்தான், இதுவும் நான்தான். தோட்டத்தில் எனக்கு வேறு யாரும் இல்லாத காலம் அது. வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் வாய் திறந்து பேசமாட்டார். படம் வந்தால் அண்ணன் வந்தது மாதிரி இருக்கும். எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தோட்டத்தை விற்று ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது நாங்கள் புந்தோங்குக்கு வந்தோம். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கிவந்தார். பதினோரு தட்டுகளை ஆசையாக எடுத்தேன். தகரக்கூரைச் சூட்டில் எல்லாம் அப்பளம்போல வளைந்திருந்தன. ஒன்றுகூட ஓடவில்லை.

5

போன வருஷம் அண்ணன் போய்விட்டார். சில மாதம் கழித்து ராஜு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமலே கத்தினார்.

"அக்கா! ஒங்க நாலாவது ரீலு வருது லா! எக்ஸ்பாண்டட்! ரெண்டு தட்டு!"

சென்னையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அந்தப் படத்தின் நாடாக்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். வசனம் சேர்ப்பதற்கு முந்திய நாடா. கடலைக்காரர் இல்லாத நாடா. ராஜு என் பெயரில் ஒரு பிரதி கேட்டு எழுதிப்போட்டார். திவசத்துக்குள் அண்ணனைக் குறுக்கே யாரும் பேசாமல் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பார்சல் வந்திருப்பதாகச் சீட்டு வந்தது. தபால் நிலையத்துக்கு ஓடினேன். கவுண்டரில் தலையில் துடோங் என்கிற முக்காடு கட்டிய மலாய்ப் பெண். சின்ன வயசு, நல்ல மரியாதை.

"பாராங் அப்பா, மக்சிக்?" என்று கேட்டாள். என்ன சாமான், அம்மா?

என் மலாய் சந்தையில் பொறுக்கிய மலாய். இசைத்தட்டு என்று தமிழில் யோசித்தேன். தட்டுக்கு மலாயில் 'பிங்கான்'. நம்முடைய பீங்கான்தான், குறில் போட்டுச் சொன்னால் மலாய். புதிதாக வந்த எல்லாப் பெண்களும் முதலில் கற்றுக்கொள்கிற சொல் அது.

"பிங்கான்" என்றேன். "பிங்கான் மியூசிக்."

அவள் மியூசிக்கை விட்டுவிட்டுப் பிங்கானை மட்டும் எழுதிக்கொண்டாள். அப்புறம் சென்னையிலிருந்து வந்த சீட்டைப் பார்த்தாள். அதில் ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்ஸ்' என்றிருந்தது. மலாயில் 'ரெகோட்' என்றால் பதிவேடு, ஆவணம். அனுப்பியவர் காகிதம் என்கிறார், வாங்குபவர் சாப்பாட்டுத் தட்டு என்கிறார். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, பெட்டியைப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். விளக்கக் கடிதம் வேண்டும் என்றாள். கடிதம் எழுதிக்கொண்டு போனேன். அதிலும் நான் பிங்கான் என்றே எழுதியிருந்தேன். இப்படியே இரண்டு வாரம் போனது. மூன்றாம் முறை ராஜுவைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் முன்னாலேயே பெட்டியைப் பிரித்தாள்.

"ஓ! பிரிங் ஹிதாம்!" என்றாள் அந்தப் பெண், வாயைப் பொத்திக்கொண்டு.

பிரிங் என்றால் சின்னத் தட்டு. ஹிதாம் என்றால் கறுப்பு. மலாய்க்காரர்களும் நம்மைப்போலவே தட்டு என்றுதான் சொல்கிறார்கள். நான் எடுத்த தட்டுதான் ஒரு அளவு பெரிதாகிவிட்டது. வழிநெடுக ராஜு சிரித்துக்கொண்டே வந்தார். "இதுல என்னத்தக்கா பரிமாறப் போறீங்க?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்த சிரிப்பு.

6

ராஜு வீட்டுக்கு வந்து ஊசியைத் துடைத்து, இரண்டாவது தட்டை வைத்து, ஒயர்களைச் சரிபார்த்தார். "மூணாவது துண்டு. பேரே பஸ் ஸ்டாண்டுதான். நீங்க கேளுங்க அக்கா, நான் அப்புறமா வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைவிட இரண்டு மடங்கு ஆசை அவருக்கு. இருந்தும் போனார்.

வயலின் வந்தது. நான் நினைத்திருந்ததைவிட மெதுவாக இருந்தது. கடலைக்காரர் வரும் இடத்தில் என் உடம்பு தானாக இறுகியது. யாரும் வரவில்லை. வயலின் அங்கேதான் மேலே ஏறியது. அப்படி ஏறும் என்றே எனக்கு இத்தனை காலமும் தெரியாது. வில்லைத் திருப்பும்போது வாசிப்பவர் மூச்சிழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. ஒரு இடத்தில் ஸ்வரத்தைத் தொடாமல், பக்கத்தில் போய் நின்று, அப்புறம்தான் தொட்டது. கடைசி நாலு விநாடி மற்ற வயலின்கள் எல்லாம் சேர்ந்து கீழே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டன. முடிந்தது.

ஆறு தடவை வைத்துக் கேட்டேன். அழுதேன். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடுவதுபோல இருந்தது என்று சொன்னால் அது கொஞ்சமும் மிகை இல்லை.

பிறகு அவர் பெயரை அச்சில் பார்ப்பதற்காகச் சிறுபுத்தகத்தைப் பிரித்தேன். இருபத்து நாலு பக்கம், ஆங்கிலம். ஒலிப்பதிவு நடந்த நாளின் வருகைச் சீட்டைத் தேடியெடுத்து அப்படியே அச்சடித்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்ட் என்ற தலைப்புக்குக் கீழே, தனி வயலின் என்று போட்டு ஒரு பெயர் இருந்தது.

அது என் அண்ணன் பெயர் இல்லை.

அண்ணன் பெயர் அதே பக்கத்தில் கீழே இருந்தது. இரண்டாம் வயலின்கள், பதினோரு பேர். அதில் ஒன்பதாவது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு பத்தி. அந்தத் தனி வயலின்காரர் அதை முதல் தடவையிலேயே வாசித்து முடித்தாராம். மற்ற வயலின்காரர்கள் எல்லாரும் வில்லால் இசைக்குறிப்பு வைக்கும் தாங்கியைத் தட்டி அவரைப் பாராட்டினார்களாம்.

என் அண்ணனும் தட்டியிருப்பார். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய், அது நான்தான் என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

7

எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டு மைல் நடந்தது யாருக்காக? கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எவருடைய கைக்காக? இரண்டாவது ரீல், கடைசி ரீல் எல்லாம் யாரோ? கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் முன்னால் புத்தகத்தைப் போட்டேன். அவருக்கு இப்போது காது மந்தம். கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"எங்கண்ணன் பொய் சொல்லியிருக்காரு! இத வாசிச்சது அவரு இல்ல!"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தைத் தொடவில்லை.

"மச்சான் மேல தப்பு இல்ல. நான்தான் அவருக்கு லெட்டர் போட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"வீட்டுல பெட்டி கெடயாது, சித்தப்பா பொய் சொல்லிட்டாரு. ரெக்காட்ட தலமாட்டுல வச்சிக்கிட்டு இவ அழுவுறா, இனிமே அனுப்பாதீங்கன்னு. ஒனக்குத் தெரிய வேணாம்னும் எழுதுனேன்."

"அதுக்கு அண்ணன் என்ன சொன்னாரு?" என்றேன்.

"அவரு பதில் எழுதுனாரு. சரி மாப்புள, பெட்டி இல்லாமயே அவ கேக்குற மாதிரி ஏதாச்சும் பண்றேன்னு. அப்புறந்தான் அந்த ரீலு லெட்டர் வந்துச்சு. தெடல்ல கேக்குறதுக்குப் பெட்டி வேணாமே."

இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். ஏழாவது பாட்டைப் பற்றி நான் எழுதியதை அண்ணன் கவனித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கேட்காத பாட்டைக் கேட்டதாகச் சொன்னேன். அவர் வாசிக்காததை வாசித்ததாகச் சொன்னார். இருவருமே அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. இப்போது நான் சொல்லலாம் என்றால் கேட்க அவர் இல்லை.

அந்த வாரம் கவிதா பெர்த்திலிருந்து கூப்பிட்டாள். "ஆல் ஓகே மா, நாங்க நல்லாருக்கோம்" என்றாள். நாற்பது வருஷம் பின்னணி கேட்டுப் பழகிய காது என்னுடையது. அவள் குரலுக்குப் பின்னால் முன்பெல்லாம் டிவி ஓடும், மருமகன் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். சில மாதங்களாக அங்கே ஒன்றுமே இல்லை. சாமான் இல்லாத அறையில் பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்புமே, அது மட்டும் கேட்கிறது. "மாப்புள எங்கம்மா?" என்றால், "வேலைக்குப் போயிருக்காரு" என்கிறாள், ஞாயிற்றுக்கிழமையிலும். கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. "நாங்களும் நல்லாருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

8

திவசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணிக்கு எழுபது வயது. இரண்டு கண்ணிலும் புரை, இந்தக் குறிப்பை அவர் படிக்க வழியில்லை. அண்ணன் மகன் தமிழில் சினிமா போஸ்டருக்கு மேல் படித்தவன் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

"அலமு, ரெக்கார்டு வந்துடுச்சாமே. கேட்டியா? அவரு வாசிச்சது வருதா?"

"கேட்டேன் அண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

"பஸ் ஸ்டாண்டு சீன்ல அவரு வாசிச்சதும்மா. எங்கிட்ட எத்தனை தடவ சொல்லியிருக்காரு! எல்லாரும் வில்லால தட்டுனாங்களாம். அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. மல்லிப்பூ வாங்கிட்டு வந்தாரு."

அண்ணியிடமும் அதையே சொல்லியிருக்கிறார். எனக்காகச் சொன்ன பொய்யை வீட்டிலும் கட்டிக்காத்தாரா, இல்லை, ஒரு நாளாவது அது தானாக இருக்க வேண்டும் என்று அவருக்கே ஆசை இருந்ததா? இரண்டாம் வயலின், ஒன்பதாவது ஆள். கீபோர்டு வந்து அந்தக் கூட்டத்தையே வீட்டுக்கு அனுப்பியதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அவர் பெயரை அச்சில் போட்டது இந்த ஒரு புத்தகம்தான். அதுவும் தப்பான எழுத்தோடு.

"இருங்க அண்ணி, போட்டுக்காட்டுறேன்" என்றேன்.

ஊசியை வைத்துவிட்டு, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தேன். நாற்பது விநாடி. கடைசியில் அந்தப் பதினோரு வயலினும் சேர்ந்து கீழ் ஸ்வரத்தைப் பிடித்தன. போனைக் காதில் வைத்தபோது அண்ணி அழுதுகொண்டிருந்தார்.

"அவரு கைதான் அலமு. எனக்குத் தெரியாதா அவரு கை?"

"ஆமா அண்ணி. அவரேதான்" என்றேன்.

"அதை இங்க அனுப்பி வையேன். திவசத்தன்னிக்கு அவரு படத்துக்குப் பக்கத்துல வைக்கணும். அப்புறம் இவன் பொட்டி வாங்கித் தரேங்கறான். சாவுற வரைக்கும் கேட்டுக்கிட்டிருப்பேன்."

சரி என்றேன். சொன்ன பிறகுதான் புத்தகத்தின் ஞாபகம் வந்தது. அண்ணியால் படிக்க முடியாது. மகனால் முடியும். ஆங்கிலத்தில் அவன் கெட்டிக்காரன்.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு தட்டு, இரண்டு உறை, நடுவில் சிறுபுத்தகம். ராஜு பார்த்தால் என்னை வெட்டிப்போட்டிருப்பார். புத்தகத்தை எடுத்து, வளைந்துபோன பதினோரு தட்டுகளுக்கு அடியில் வைத்தேன். பெட்டியை மூடி நாடா ஒட்டினேன். மறுநாள் நான் ராஜுவின் கடைக்குப் போனபோது, அண்ணன் வாசித்த இன்னொரு படமும் விரிவாக வரப்போகிறது, எழுதிப்போடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் ராஜு" என்றேன்.

"ஏன் அக்கா? இதுல கடைசி ரீலுன்னு சொன்னீங்களே!"

"போதும்பா. கேட்ட வரைக்கும் போதும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஒரு ஸ்பீக்கரைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்து பார்சல் கவுண்டருக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து சிரித்தாள். சுங்கப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "பாராங் அப்பா, மக்சிக்?" என்றாள்.

"பிரிங் ஹிதாம்" என்றேன். இந்த முறை சரியாகச் சொன்னேன்.

"பாகுஸ்!" என்று பாராட்டிவிட்டு எழுதினாள். பிறகு தலை நிமிர்ந்து, இதோடு வேறு ஏதாவது உள்ளே இருக்கிறதா, புத்தகம், காகிதம் மாதிரி, என்று மலாயில் கேட்டாள். போன தடவை பெட்டியைப் பிரித்தது அவள்தானே. புத்தகத்தைப் பார்த்திருப்பாள்.

"இல்லை. வேறு ஒன்றும் இல்லை" என்றேன்.

உள்ளே உள்ளவை அனைத்தும் உண்மையாகக் கூறப்பட்டுள்ளன என்று படிவத்தின் அடியில் அச்சடித்திருந்தது. அவள் காட்டிய கோட்டில் கையெழுத்துப் போட்டேன்.